நெடுமடு ஏரியில் மீன் பிடிக்காதவர்கள்

தேவாங்குமலைக்கு வழி கேட்டவர்களுக்கு ஒரு காலத்தில் நான் சொன்னது இதுதான். வடக்கே போய்க்கொண்டே இருங்கள். வெயில் விட்டு மூடுபனி பிடிக்கிற இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு கட்டை இருக்கும். அதன் பக்கத்தில் காக்கிச் சட்டையும் கட்டம் போட்ட லுங்கியுமாக ஒருவர் நிற்பார். உங்களை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பார். நல்ல மனதோடு உண்மையைச் சொன்னீர்களோ, திருப்பி அனுப்பிவிடுவார்.

அவர் பெயர் ஏகாம்பரம். காட்டு இலாகாவில் பதினோரு வருடமாகத் தற்காலிகக் காவலர். தற்காலிகக் காவலருக்கு இலாகா காக்கிச் சட்டை மட்டும்தான் கொடுக்கும். வேலை நிரந்தரமானால்தான் கால்சட்டை. ஆகவே ஏகாம்பரம் இடுப்புக்கு மேலே சர்க்கார் ஆளாகவும் இடுப்புக்குக் கீழே ஊர் ஆளாகவும் பதினோரு வருடத்தை ஓட்டியிருந்தார். அவர் மனைவி ரஞ்சிதத்தின் தம்பி, நேற்று முளைத்த பயல், பஸ் கண்டக்டராகி மேலும் கீழும் காக்கியோடு விசேஷ வீடுகளில் வளைய வந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏகாம்பரத்துக்கு வயிறு எரியும். நிரந்தரமாகிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது.

அவருக்குக் கீழே மூன்று பேர். எட்டாம் வகுப்புவரை படித்ததால் சட்டம் பேசுகிற சம்மந்தம். எதைக் கொடுத்தாலும் ருசியாகச் சமைத்துவிடுகிற துளசிங்கம். எதைச் சொன்னாலும் சந்தேகம் கேட்கிற எத்திராஜ். ஏகாம்பரம் எப்படித் தலைவர் ஆனார் என்றால், விசில் அவரிடம்தான் இருந்தது.

இந்த நால்வரும் காத்து வந்தது அந்த மலையிலுள்ள நெடுமடு ஏரியை. சுற்றிலும் காடு, நடுவில் பச்சையாகக் கிடக்கும் தண்ணீர், தண்ணீருக்குள் செவ்வால் கெண்டை. மழைக்காலத்தின் தொடக்கத்தில் அந்தக் கெண்டை முட்டையிட ஓடை வாய்க்கு வரும். அப்போது மட்டும் யாரும் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இலாகாவில் கண்டிப்பான உத்தரவு உண்டு.

அந்த வருடம் ரேஞ்சர் திலகவதி பத்து நாள் பயிற்சிக்காகக் கீழே போக வேண்டியிருந்தது. புறப்படும்போது நால்வரையும் வரிசையாக நிறுத்தினாள்.

“நல்லா கேட்டுக்குங்க. மீன் பிடிக்கிறவங்க யாரையும் ஏரிப் பக்கம் விடக் கூடாது. வர்றவங்ககிட்ட மீன் பிடிக்குமான்னு கேளுங்க. பிடிக்கும்னு சொன்னா, அது யாரா இருந்தாலும் சரி, திருப்பி அனுப்பிடுங்க.”

“யாரா இருந்தாலுங்களா?” என்றார் ஏகாம்பரம்.

“யாரா இருந்தாலும். அடுத்த சனிக்கிழமை பெரிய அதிகாரியைக் கூட்டிக்கிட்டு வர்றேன். எல்லாம் ஒழுங்கா இருந்தா உங்க நாலு பேரையும் நிரந்தரமாக்கிடலாம்னு சொல்லியிருக்கார். ஏகாம்பரம், கேக்குதா? நிரந்தரம்.”

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. விசிலை எடுத்து ஊதினார். வேறெப்படி நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

திலகவதி போகிற போக்கில் ஏரிக்கரையில் ஒரு பலகையையும் நட்டுவிட்டுப் போனாள். வருகிறவர்கள் காட்டில் குப்பை போடாமலும் பூவையும் காயையும் பறிக்காமலும் இருக்க வேண்டும் என்று அவளே யோசித்து எழுதியது. “கால் தடம் தவிர வேறு எதையும் விடாதீர்கள். படம் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள்.” நல்ல வாசகம்தான். படிக்கிறவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஜீப் மறைந்ததும் எத்திராஜுக்குச் சந்தேகம் வந்தது.

“அண்ணே, மீன் புடிக்கிறவங்கன்னா கையால புடிக்கிறவங்களா, மனசுக்குப் புடிக்கிறவங்களா?”

நால்வரும் குந்தி உட்கார்ந்து இதை ஆராய்ந்தார்கள்.

“கையாலன்னா தூண்டில் இருக்கும், வலை இருக்கும்,” என்றான் சம்மந்தம். “கண்ணாலயே பாத்துடலாம். அதுக்கு எதுக்குக் கேள்வி கேக்கணும்? அம்மா கேளுங்கன்னு சொல்லிக்கீறாங்க. கேட்டாத்தான் தெரியுங்கிற விஷயம் எங்க இருக்கும்?”

“மனசுல,” என்றார் ஏகாம்பரம், மெதுவாக.

“அத்தான் அண்ணே. மீன் யாருக்குப் புடிக்குதோ, அவன்தான் ஆபத்தான ஆளு.”

எத்திராஜ்கூடத் தலையாட்டினான்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தது ஒரு பேராசிரியர் அம்மா. தடிக் கண்ணாடி, தோளில் பை, பையில் கண்ணாடிக் குழாய்கள். செவ்வால் கெண்டையைப் பற்றி இருபது வருடமாக ஆராய்கிறவர். முட்டைகள் பிழைத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்று பார்க்க, ரேஞ்சர் சொல்லித்தான் வந்திருந்தார்.

ஏகாம்பரம் கட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “அம்மாவுக்கு மீன் புடிக்குங்களா?”

பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. “பிடிக்குமாவா? மீன்னா எனக்கு உயிர். கல்யாணம்கூட வேண்டாம்னு மீனோடவே இருந்துட்டேன்.”

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு முற்றிய கேஸை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. துளசிங்கம் பையை வாங்கி அவர் வந்த ஜீப்பில் வைத்தான், சம்மந்தம் கதவைச் சாத்தினான், ஏகாம்பரம் ஜீப் வளைவு தாண்டும்வரை விசில் ஊதினார். அந்த அம்மா எட்டிப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டே போனார். மீன்மேல் இருந்த ஆசைதான் அப்படிக் கத்த வைக்கிறது என்று ஏகாம்பரம் பரிதாபப்பட்டார்.

மத்தியானம் கோமதிநாயகம் வந்தார். நெற்றி நிறைய விபூதி. காரின் பின்பக்கத்தில் மூன்று தூண்டில், இரண்டு வாளி, ஒரு மடக்கு நாற்காலி.

“ஐயாவுக்கு மீன் புடிக்குங்களா?”

“சிவ சிவா!” என்றார் கோமதிநாயகம். “எங்க வீட்டுல ஏழு தலைமுறையா சைவம். மீன் வாடை பட்டாலே எனக்குக் குமட்டும். சும்மா பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட்டு உக்காந்திருப்பேன். கெடச்சதை யாருக்காவது குடுத்துட்டுப் போயிருவேன்.”

ஏகாம்பரம் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். சம்மந்தம் கட்டையைத் தூக்கினான். துளசிங்கம் தூண்டில்களைச் சுமந்துகொண்டு முன்னால் ஓடினான். ஏரியிலேயே நல்ல இடமான ஓடை வாயில், கெண்டைகள் முட்டையிடக் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த இடத்தில், நாற்காலியை விரித்துப் போட்டு, அவர் தலைக்கு எத்திராஜ் குடை பிடித்தான்.

ஒரு மணி நேரத்தில் ஒரு வாளி நிறைந்துவிட்டது. எத்திராஜ் ஓடி வந்தான்.

“அண்ணே, அவரு புடிக்காதுன்னாரு. ஆனா வாளி நெறையப் புடிச்சு வெச்சிருக்காரே?”

“நீயே சொல்லு, உனக்குப் புடிக்காதது வீட்டுல இருந்தா இன்னா பண்ணுவ?” என்றார் ஏகாம்பரம்.

“தூக்கி வெளிய போடுவேன்.”

“அவரும் அத்தான் பண்றாரு. புடிச்சவனா இருந்தா உள்ளயே விட்டு வெச்சுப் பாத்துக்கினு இருப்பான்.”

எத்திராஜ் திருப்தியோடு திரும்பிப் போய்க் குடையைப் பிடித்தான்.

கோமதிநாயகத்துக்கும் அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. ஊரெல்லாம் தூண்டிலைப் பார்த்ததும் விரட்டுவார்கள். இங்கே டீ கொடுத்தார்கள். பக்கத்திலிருந்த பயணியர் விடுதியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலையில் ஆபீஸுக்கு வருவதுபோல் வரத் தொடங்கினார்.

மூன்றாம் நாள்தான் சம்மந்தம் அந்தப் பொல்லாத கேள்வியைக் கேட்டான்.

“அண்ணே, ஒரு சட்டப் பிரச்சினை. மீன் புடிக்கிற யாரும் ஏரிப் பக்கம் இருக்கக் கூடாது. உங்களுக்கு மீன் புடிக்குமா?”

ரஞ்சிதம் வைக்கிற வஞ்சிர மீன் குழம்பு ஏகாம்பரத்தின் கண்முன் வந்து நின்றது. பொய் சொல்லலாம்தான். ஆனால் சட்டையாவது காக்கி அல்லவா?

“புடிக்கும்,” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “உனக்கு?”

“எனக்கும் அண்ணே. வறுத்ததுன்னா ரொம்ப.”

“எனக்கும்,” என்றான் துளசிங்கம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

எத்திராஜுக்கு மட்டும் பிடிக்காது. நாலாம் வகுப்பில் முள் தொண்டையில் சிக்கியதிலிருந்து அவன் மீனைத் தொட்டதில்லை. ஆகவே யாராக இருந்தாலும் சரி என்ற உத்தரவின்படி மூன்று பேரும் தங்களைத் தாங்களே வெளியேற்றிக்கொண்டு, கட்டைக்கு அந்தப் பக்கம் போய் மழையில் நின்றார்கள். இருநூறு ஏக்கர் ஏரியை எத்திராஜ் ஒருவன் காத்தான். அவனோ சந்தேகப் பேர்வழி. கால் மணிக்கு ஒரு தடவை ஏரியின் மறுகோடியிலிருந்து ஒரு மைல் ஓடி வந்து, “அண்ணே, ஒரு ஆமை வந்துக்கீது, அதைக் கேக்கணுமா?” என்று கேட்டுவிட்டு, ஒரு மைல் திரும்பி ஓடினான். மாலைக்குள் அவனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

“இப்படியே போனா சனிக்கிழமை அதிகாரி வரும்போது ஏரியில காவலே இருக்காது,” என்றார் ஏகாம்பரம். “நிரந்தரமும் போச்சு, எல்லாமும் போச்சு.”

“நமக்கு மீன் புடிக்காம போயிட்டா?” என்றான் துளசிங்கம்.

“எப்பிடிப் போகும்?”

“எங்க மாமா ஒரு தீபாவளிக்கு முப்பது அதிரசம் தின்னாரு. அதுலேர்ந்து அதிரசம்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நம்மளும் வேளாவேளைக்கு மீனா தின்னு தீத்தா, திகட்டிப் போயிடும். வாளியிலதான் எவ்ளோ வேணும்னாலும் கீதே. அந்த ஐயாவும் யாராவது வாங்கிக்க மாட்டாங்களான்னுதான் பாக்குறாரு.”

வேலைக்காக இவ்வளவு பெரிய தியாகமா என்று ஏகாம்பரம் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு அடுப்பை மூட்டச் சொன்னார்.

அன்றிலிருந்து காலை மீன் வறுவல், மத்தியானம் மீன் குழம்பு, மாலையில் மீன் புட்டு. ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் சம்மந்தம் வரிசையாகக் கேட்பான்.

“அண்ணே, இப்பப் புடிக்குதா?”

“இன்னும் புடிக்குதுடா,” என்பார் ஏகாம்பரம், விரலைச் சப்பிக்கொண்டே, மிகுந்த வேதனையோடு.

குற்றம் துளசிங்கத்தின் கைப்பக்குவத்தில் இருந்தது. புளியைக் குறை என்றார்கள். குறைத்தான், இன்னும் நன்றாக இருந்தது. மிளகாய் வேண்டாம் என்றார்கள். மிளகைத் தட்டிப் போட்டான். கடைசியில் ஒன்றுமே போடாதே, வெறும் நெருப்பில் வாட்டு என்று உத்தரவு போட்டார்கள். அது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கட்டைக்கு வெளியே மூன்று பேரும் கொழுத்துக்கொண்டே துக்கப்பட்டார்கள்.

இதற்கு நடுவில், செவ்வாய்க்கிழமை, கீழே ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஐந்து இளைஞர்கள் கூடாரம் போட்டுத் தங்க வந்தார்கள். மீன் பிடிக்குமா என்றதற்கு, “எங்களுக்குச் சிக்கன்தாங்க” என்றார்கள். கட்டை தூக்கப்பட்டது. ஆனால் பலகை ஒன்று இருக்கிறதே. அதை யார் கவனிப்பது? எத்திராஜ் காய்ச்சலில் இருந்ததால், பலகை நட்ட இடம்வரைக்கும் மட்டும் மற்ற மூவரும் வரலாம், ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றால் ஏரிப் பக்கம் ஆகாது என்று சம்மந்தம் சட்டம் சொன்னான். மூவரும் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

ஐவரில் ஒருவன் களைப்பாகக் கையைத் தூக்கிக் கொட்டாவி விட்டான்.

ஏகாம்பரம் விசில் ஊதினார். “தம்பி, இன்னா விட்டீங்க?”

“என்ன விட்டேன்? கொட்டாவிங்க.”

“பலகையப் படிங்க. கால் தடம் தவிர வேற எதையும் விடக் கூடாது.”

அவன் சிரித்தான். இன்னொருவன் அவசரமாக, “விடுங்க சார், அவனுக்குப் பசி எடுக்குது” என்றான்.

“பசி எடுக்குதா?” சம்மந்தம் பலகையின் இரண்டாவது வரியைக் குச்சியால் தட்டிக் காட்டினான். “படம் தவிர வேற எதையும் எடுக்கக் கூடாது.”

“சரிங்க, சாப்பாடு வேண்டாம். கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கிறோம்.”

“அதுவும் எடுக்கக் கூடாது.”

“மூச்சாவது விடலாமா?” என்றான் முதலாமவன் கிண்டலாக. மூவரும் கிண்டல் அறியாதவர்கள். தலையோடு தலை சேர்த்து ஆலோசித்தார்கள்.

“இழுக்கலாம்,” என்று தீர்ப்புச் சொன்னார் ஏகாம்பரம். “இழுக்கக் கூடாதுன்னு எழுதலை. இங்க இழுத்துக்கினு, கட்டைக்கு வெளிய போய் விட்டுட்டு வாங்க.”

இளைஞர்கள் இது ஏதோ மலைக்காற்று வைத்தியம் என்று நினைத்து ஓரிரு தடவை ஓடியும் பார்த்தார்கள். மூன்றாவது தடவை ஓடித் திரும்பும்போது பாதையோரப் புதரிலிருந்து ஒரு நல்ல பாம்பு சீறிக்கொண்டு எழுந்தது. ஐவரும் உறைந்து நின்றார்கள். பாம்பு அகலமாகப் படம் எடுத்தது.

ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குதிகாலை ஒட்டி வைத்து அதற்கு ஒரு சல்யூட் அடித்தார்.

“பாத்தீங்களா?” என்றார் இளைஞர்களிடம். “படிப்பு இல்ல, உத்தியோகம் இல்ல. ஆனா இந்தக் காட்டுலயே சட்டப்படி நடக்கிறது இது ஒண்ணுதான். படம் தவிர வேற எதையாவது எடுத்துச்சா?”

பாம்பும் மரியாதையாகப் படத்தைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டது. இளைஞர்கள் ஓட்டம் எடுத்தார்கள். போகும்போது இரண்டு ஜோடி செருப்பை விட்டுவிட்டும் போனார்கள். ஓட்டம் எடுத்தது ஒரு குற்றம், செருப்பை விட்டது இன்னொரு குற்றம் என்று சம்மந்தம் கணக்கிட்டான். செருப்பை அப்படியே விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்பதால் வெகு நேரம் அதைச் சுற்றி நின்றுவிட்டு, கடைசியில் துளசிங்கத்தின் செல்போனில் அதைப் படம் எடுத்தார்கள்.

சனிக்கிழமை வந்தது. எத்திராஜ் காய்ச்சல் தெளிந்து குடை பிடிக்கப் போய்விட்டான். ஏகாம்பரம் சட்டையைத் துவைத்து, காய்ந்தும் காயாமலும் போட்டுக்கொண்டு கட்டையருகே நின்றார். பத்து மணிக்கு ஜீப் வந்தது. முன் இருக்கையில் பெரிய அதிகாரி, பின்னால் திலகவதி. அதிகாரி பருத்த, சிரித்த முகக்காரர். அவரைப் பார்த்ததுமே ஏகாம்பரத்துக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு கேள்விதான் பாக்கி. யாராக இருந்தாலும் கேட்க வேண்டும்.

“ஐயாவுக்கு மீன் புடிக்குங்களா?”

மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கேட்கிறார்கள் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார். “ஆகா! ரொம்பப் பிடிக்கும்யா. அதுவும் ஏரி மீன்னா கேக்கவே வேண்டாம்.”

ஏகாம்பரத்தின் கை கட்டையிலேயே நின்றுவிட்டது.

பதினோரு வருடம். ஒரு வார்த்தை காதில் விழாத மாதிரி இருந்தால் போதும், கட்டையைத் தூக்கினால் போதும், அடுத்த மாதம் மச்சானுக்குச் சமமாகக் காக்கிக் கால்சட்டையோடு ரஞ்சிதத்தின் முன்னால் போய் நிற்கலாம். அவர் கட்டையைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார்.

“மன்னிக்கணும் ஐயா. உள்ள விட முடியாது.”

“என்னய்யா சொல்றே?”

“மீன் புடிக்கும்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. என் வேலை போனாலும் பரவாயில்ல.” சொல்லிவிட்டு ஏகாம்பரம் அழுதேவிட்டார். அழுதுகொண்டே விசிலும் ஊதினார்.

திலகவதிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தலையில் கையை வைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

“ஏகாம்பரம்! பிடிக்கிறதுன்னா மனசுக்குப் பிடிக்கிறது இல்லய்யா! தூண்டில் போட்டுப் பிடிக்கிறது!”

அதிகாரி தொப்பை குலுங்கச் சிரித்தார். “விடும்மா. என்னையே தடுத்து நிறுத்தினான் பாரு, இந்த மாதிரி ஆள்தான் இலாகாவுக்கு வேணும். ஏகாம்பரம், இப்பப் புரிஞ்சுதா? யாருக்கு மீன் ருசிக்கும்னு நமக்குக் கவலை இல்ல. தூண்டில் போடுற ஆளைத்தான் உள்ள விடக் கூடாது.”

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் மெல்ல வெளிறியது.

“தூண்டில் போடுற ஆளுங்களா?”

“ஆமா.”

“அவரு ஒருத்தர்தாங்கய்யா உள்ள கீறாரு.”

எல்லோருமாக ஓடை வாய்க்குப் போனார்கள். கோமதிநாயகம் மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தார். முன்னால் மூன்று தூண்டில், பக்கத்தில் ததும்பும் வாளி, தலைக்கு மேலே எத்திராஜ் பிடித்த இலாகா குடை. அதிகாரியைக் கண்டதும், “வாங்க, வாங்க, அருமையான ஏற்பாடு” என்று அவரையும் வரவேற்றார்.

அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. மூக்கு எதையோ மோப்பம் பிடித்தது.

“அங்கே என்னய்யா புகை?”

“காலைச் சாப்பாடுங்கய்யா,” என்றான் துளசிங்கம். “மீன் வறுவல்.”

“இந்த ஏரி மீனா? முட்டையிட வந்த மீனையா திங்கிறீங்க?”

“வேலைக்காகத்தாங்கய்யா. புடிக்காம போறதுக்காகத் திங்கிறோம். ஒரு வாரமா மூணு வேளையும்.”

“பிடிக்காம போச்சா?”

மூவரும் வெட்கத்தோடு தலை குனிந்தார்கள். “இன்னும் போகலீங்க.”

அதிகாரி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

“ஐயா,” என்றான் சம்மந்தம் பணிவாக, பலகையைக் காட்டி, “அதக் கட்டைக்கு வெளிய போய் விட்டுட்டு வந்துடுங்க.”

“நான் ஒரு முடிவு எடுத்துட்டேன்,” என்றார் அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு.

“அதுவும் எடுக்கக் கூடாதுங்க.”

அதிகாரி கோமதிநாயகத்தின் தூண்டில்களைப் பறித்து அவரை மலையிறக்கினார். வாளியில் துள்ளிக்கொண்டிருந்ததையெல்லாம் தண்ணீரில் கவிழ்க்கச் சொன்னார். ஜீப்பின் மூக்கில் காகிதத்தை விரித்து, பேனா முனை கிழிக்கிற வேகத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஏகாம்பரத்தின் முன்னால் நீட்டினார்.

“இந்தா, பிடி!”

ஏகாம்பரம் நடுவிலிருந்த ஒரு வார்த்தையைப் படித்தார். கண்ணை மூடித் திறந்து இன்னொரு தடவை படித்தார்.

“ரொம்பப் புடிச்சிருக்குங்கய்யா,” என்றார் தழுதழுத்து.

அதிகாரி திலகவதியோடு ஏறிக்கொண்டார். ஜீப் சீறிக்கொண்டு போனது. நால்வரும் காகிதத்தைச் சுற்றிக் கூடினார்கள். அதில் இப்படி இருந்தது: “இந்நால்வரும் இன்று முதல் நிரந்தரப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்கள்.”

“நிரந்தரம்!” என்றான் துளசிங்கம். “நிரந்தரம்னு போட்டுக்கீது அண்ணே!”

“பணின்னும் போட்டுக்கீது,” என்றான் சம்மந்தம்.

எத்திராஜ் தாடையைச் சொறிந்தான். “அதுக்கப்புறம் நீக்கம்னு ஒண்ணு கீதே. அது இன்னா?”

இது கடினமான வார்த்தை. மறுபடியும் குந்தி உட்கார்ந்தார்கள்.

“நீக்கம்னா எடுத்துடறது,” என்றான் சம்மந்தம் கடைசியில். “நம்மகிட்ட ஒண்ணை எடுத்துட்டாங்க. எதை எடுத்திருப்பாங்க? நம்மகிட்ட இருந்தது இன்னா?”

“தற்காலிகம்,” என்றார் ஏகாம்பரம்.

“அத்தான் அண்ணே. தற்காலிகத்த எடுத்தாத்தானே நிரந்தரம் வரும்? சர்க்கார்ல எதையும் மொறையாத்தான் எழுதுவாங்க.”

ஏகாம்பரம் விசிலை ஊதினார். மூச்சு முட்டுகிறவரை ஊதினார். அன்றே ஊருக்கு இறங்கி ரஞ்சிதத்திடம் காகிதத்தைக் காட்ட, அவள் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். சொந்தச் செலவில் நால்வரும் காக்கிக் கால்சட்டை தைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் மச்சான் மட்டும் காகிதத்தைப் படித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். பொறாமை என்று எல்லோரும் அவனை அடக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை திலகவதி வந்தபோது நால்வரும் மேலும் கீழும் காக்கியோடு கட்டையருகே வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அவள் கத்திப் பார்த்தாள். விளக்கிப் பார்த்தாள். “நிரந்தரமானவங்கள அப்பிடியெல்லாம் போகச் சொல்ல முடியாதும்மா” என்று ஏகாம்பரம் அவளுக்கே ஆறுதல் சொன்னார். வேறு வழியில்லாமல், இந்த நால்வரையும் அங்கிருந்து நீக்கித் தருமாறு அவள் மேலிடத்துக்கு எழுதினாள்.

மேலிடத்திலிருந்து பதினைந்து நாளில் பதில் வந்தது. “மேற்படி நால்வரும் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டார்கள். பணியில் இல்லாதவர்களைப் பணியிலிருந்து நீக்க விதிகளில் இடமில்லை.”

ஏகாம்பரம் அதையும் வாங்கிப் படித்தார். “பாத்தீங்களாம்மா? எங்கள நீக்க எடமே இல்லன்னு போட்டுட்டாங்க.”

திலகவதி பேராசிரியர் அம்மாவை அழைத்து வந்து ஓடை வாயில் உட்கார வைத்துவிட்டு, மற்றதைக் கடவுளிடம் விட்டுவிட்டாள். மீதமிருந்த கெண்டைகள் விதிகளைப் பற்றிக் கவலைப்படாமல் முட்டையிட்டன.

அடுத்த மாதம் ஏகாம்பரத்தின் மகளுக்கு வளைகாப்பு. நிரந்தர ஊழியர் சொல்லாமல் கொள்ளாமல் போகலாமா? மூன்று நாள் விடுப்புக் கேட்டு மேலிடத்துக்கு மனு அனுப்பினார். இது வேறு பிரிவுக்குப் போயிற்று. அவர்களும் மூன்றே நாளில் பதில் போட்டார்கள்: “நெடுமடு ஏரியில் மாற்றுக் காவலர் எவரும் இல்லாததால் விடுப்பு மறுக்கப்படுகிறது.”

வளைகாப்பன்று ஏகாம்பரம் ஏரிக் கட்டையருகேதான் நின்றார். மாப்பிள்ளை வீட்டார், “என்னம்மா, உங்கப்பாவைக் காணோமே?” என்று கேட்டார்கள். மகள் இரண்டு கை நிறைய வளையலோடு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்:

“லீவு கிடைக்கலீங்க. அப்பா இப்ப பர்மனென்ட் இல்லையா?”